ஆறாவது மரத்தில் இருக்கும் கை

என் மனைவி துவான்யிங் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சாப்பிடுவாள். ஒரு வாய் சோளச் சோறு, பன்றி ஏன் கத்துகிறது என்று ஒரு எட்டு. ஒரு கடி ஊறுகாய் மிளகாய், மேகம் கலைந்துவிட்டதா என்று ஒரு எட்டு. எங்கள் கல்யாணத்தன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பெண்ணைக் காணோம் என்று ஊரே தேடியது. எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று கல்லை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். ஷிபாவ் கிராமத்தில் அவளுக்குப் 'பானைமூடி' என்று பெயர். கொதிக்கிற பானையின் மூடி ஓரிடத்தில் நிற்குமா?

அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆவியில் வேகிற ரொட்டியைத் திறந்து பார்த்துப் பார்த்தே சப்பையாக்கிவிடுவாள். சர்க்கரைவள்ளிக் கொடியைப் பிடுங்கிக் கிழங்கு வைத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி நட்டுவைப்பாள். பத்தொன்பது வயதில் மாட்டுத்தீவனம் நறுக்குகிற சக்கரக் கத்தி சுற்றி ஓய்வதற்குள் கையை விட்டதில், வலது கை மோதிர விரலில் மேலே இரண்டு கணு போயிற்று. யாராவது அதைப் பார்த்து உச்சுக் கொட்டினால், "நகம் வெட்டுற வேலை ஒண்ணு மிச்சம்" என்பாள்.

நான் நேர் எதிர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். புகைக்குழாய் ஒன்று இருந்தால் போதும், பொழுது தானாகப் போகும். வாயும் அப்படித்தான், பேச வேண்டிய இடத்திலும் பேசாது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே கல்லில் போட்டு அரைத்தால் உருப்படியாக ஓர் ஆள் கிடைப்பான் என்று யோங்சி சந்தையில் டோஃபு கடை போட்டிருக்கும் சின் அக்கா சொல்வாள். அவள் சொன்னதை அப்போது சிரித்துக்கொண்டே கேட்டேன்.

மலையைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்ட வருஷம், சீட்டு எடுத்ததில் எங்களுக்கு ஒன்பது தூஜோங் மரங்கள் விழுந்தன. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையாக நிற்பவை. இந்த மரத்துக்கு மதிப்பெல்லாம் பட்டையில்தான். காய்ந்த பட்டையை ஒடித்தால் சட்டென்று இரண்டாகாது. நடுவில் வெள்ளி நூல் போல இழை இழையாக இழுத்துக்கொண்டு நிற்கும். இடுப்பு விட்டுப்போனவர்களுக்கும் முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் கரு தங்காத பெண்களுக்கும் வைத்தியர் எழுதுகிற சீட்டில் இது இருக்கும். முன்பெல்லாம் பட்டை வேண்டுமென்றால் மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டும். பதினைந்து வருஷம் வளர்ந்தது ஒரே காலையில் முடிந்துவிடும். பிறகுதான் மரத்தை நிற்கவைத்து, உயிரோடு உரிக்கிற வழி எங்கள் பக்கத்துக்கு வந்தது. அதைச் செய்கிறவர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த லெய் மேஸ்திரி.

ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். ஏழு வருஷத்தில் அறுநூறு மரம் உரித்திருந்தார். அதில் செத்தவை நான்கு. யாரும் கேட்காமலே அந்த நான்கும் எந்த மலையில் எந்த வளைவில் நின்றவை என்று அவரே சொல்வார். அதனாலேயே எல்லோரும் அவரை நம்பினார்கள்.

ட்ராகன் படகுத் திருவிழா முடிந்து பத்து நாள் கழித்து வந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வேட்டை நாய்கூட நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிற புழுக்கம். உரிப்பதற்கு அதுதான் நாள். மூன்று நாள் முன்பே வேருக்குத் தண்ணீர் விடச் சொல்லியிருந்தார். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் மரத்தின் முன்னால் நின்றார்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் துவான்யிங்கிடம். "பட்டை கழண்டதும் உள்ளே வெள்ளையா ஈரமா உடம்பு தெரியும். அது மேல விரல் படக்கூடாது, கத்தி படக்கூடாது, எச்சில் தெறிக்கக்கூடாது. பட்ட இடம் செத்துரும். படாத இடத்துல மூணு வருஷத்துல புதுப் பட்டை வந்துரும்."

"மூச்சு விடலாமா மேஸ்திரி?"

"கொஞ்சமா விடுங்க."

இவள் மரத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெங் அண்ணே, அண்ணி கையில ஏதாவது குடுத்து உட்கார வைங்க. இல்லேன்னா எனக்குக் கை ஓடாது."

ஒரு கூடை பீன்ஸைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன். அவர் இரண்டாவது மரத்தை முடிப்பதற்குள் கூடை காலியாகிவிட்டது. பிறகு வெறும் தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை, குந்தினாள்.

மேஸ்திரியின் வேலையை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். அது பொய் இல்லை, பின்னால் நான் என்ன சொல்லியிருந்தாலும் சரி. கிளை பிரிகிற இடத்துக்குக் கீழே சுற்றி ஒரு வெட்டு. தரைக்கு ஒரு சாண் மேலே சுற்றி ஒரு வெட்டு. இரண்டையும் சேர்த்து நெட்டுக்கு ஒரு கோடு. எருமைக் கொம்பில் சீவிய தகடு ஒன்று வைத்திருந்தார். அதைக் கோட்டின் ஓரத்தில் செருகிப் பட்டையை மட்டும் மெல்லத் தூக்கினார். பட்டையின் வெளிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தார், சர்ரென்று மொத்தமாகக் கழண்டு வந்தது. உள்ளே மரம் தோலுரித்த முட்டை மாதிரி நின்றது. அவருடைய விரல் ஒருதடவைகூட உள்பக்கம் போகவில்லை. பிறகு சுற்றிலும் மூங்கில் சிம்புகளை நிறுத்தி, உடம்பில் ஒட்டாதபடி பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். மேலே இறுக்கமாக ஒரு கட்டு, கீழே தளர்வாக ஒரு கட்டு. இருட்டுவதற்கு முன் ஒன்பதையும் முடித்துவிட்டார்.

"இருபத்தெட்டு நாள். நானே வந்து பிரிக்கிறேன். தாளுக்குள்ள தண்ணி கோத்து நிக்கும், பயந்துராதீங்க. மரத்துக்கு வேர்க்குதுன்னு நினைச்சுக்கங்க."

"ஒரே ஒருதடவை எட்டிப் பார்த்தா?" என்றாள் இவள்.

"பார்த்துட்டு நீங்க சும்மா இருப்பீங்களா அண்ணி?"

எல்லோரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள்.

உரித்த பட்டையை வைக்கோலுக்குள் அடுக்கி, மேலே பலகையும் கல்லும் ஏற்றினோம். ஒரு வாரம் அப்படிப் புழுங்கினால்தான் உள்பக்கம் கறுத்து மருந்துப் பதத்துக்கு வரும். அதைத் திறந்து பார்ப்பதில் அவளுக்கு இரண்டு நாள் போனது. மூன்றாவது நாள் புல் அறுக்கப் போகிறேன் என்று ஊற்றுப் பக்கம் போனாள். எங்கள் மாட்டுக்கு அந்தப் புல் பிடிக்காது என்று அவளுக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும்.

நான்காம் நாள் காலையில், மரவரிசைக்கு நேர் மேலே இருக்கும் சோளக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், கல் மேல் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தேன். கீழே துவான்யிங் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள், மேலே பார்க்கவில்லை. ஆறாவது மரத்தின் கீழ்க்கட்டை அவிழ்த்துத் தாளை மார்பு உயரத்துக்குச் சுருட்டினாள். உள்ளே கோத்திருந்த தண்ணீர் அவள் செருப்பில் வழிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் வலது கையைத் தூக்கி உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தாள்.

அழுத்தவில்லை. எங்கள் மகன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சல் அடிக்கிறதா என்று அவன் நெற்றியில் அப்படித்தான் கையை வைப்பாள். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். "இருக்கு, உசிரு இருக்கு" என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கையைப் பாவாடையில் துடைத்தாள், தாளை இறக்கிக் கட்டினாள், புல் அறுக்காமலே போய்விட்டாள்.

தொட்டது அவளுக்கே தெரியாது என்பதை அவளோடு வாழ்ந்தவன் சத்தியம் செய்து சொல்வேன். அவளுடைய கை அவளைக் கேட்டுக்கொண்டு எதையும் தொடாது. சந்தைக்குப் போனால் வாங்காத துணியையெல்லாம் தடவிவிட்டு வருவாள், கேட்டால் தொடவே இல்லை என்பாள். நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். குழாயில் இன்னும் கொஞ்சம் புகையிலை மிச்சம் இருந்தது. சத்தம் போட்டால் அவளும் சத்தம் போடுவாள், மதியச் சோறு தாமதமாகும் என்று நினைத்தேன். நான் வாயை மூடிக்கொண்டதற்கு அன்றைக்கு இருந்த காரணம் இவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் நாள் மேஸ்திரி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் ஐந்து மரங்களும் தேநீர் நிறத்துக்கு வந்து, லேசாகப் பச்சை ஓடி, சொரசொரவென்று உயிரோடு இருந்தன. ஆறாவதைப் பிரித்தார். மார்பு உயரத்தில் சோற்றுத் தட்டு அளவுக்குக் கறுப்பு. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவர் திரும்பி ஆறாவதுக்கே வந்தார்.

"யாரு கை பட்டுச்சு?" என்றார், மெதுவாகத்தான்.

"என்னைக் கேட்டா?" என்று எகிறினாள் துவான்யிங். "உரிச்சது யாரு? கட்டினது யாரு?"

"என் கை படல அண்ணி."

"அப்ப பேய் வந்து தொட்டுட்டுப் போச்சாக்கும்!"

அவர் என்னை ஒருதடவை பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அவர் பூஞ்சணத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், பிறகு விலகி நின்றார்.

"இப்ப இதுல ஒண்ணும் தெரியாது. மேல இருக்கிறது வெறும் பூஞ்சணம். குளிர்காலம் போகட்டும். சுத்தி ஓரத்துல புதுப் பட்டை தடிச்சு ஏறும். செத்த இடம் எந்த வடிவத்துல செத்துச்சோ அப்படியே பள்ளமா நிக்கும். விரல் பட்டிருந்தா விரல் தெரியும். வசந்தத்துல கல்லறை துடைக்கிற சிங்மிங் வரைக்கும் பொறுத்துக்குங்க. மரமே காட்டிரும்."

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள் என்று சொல்லலாம். அவர் பானைமூடியிடம் சொன்னார்.

அடுத்த சந்தை நாளே அவள் யோங்சியில் நின்றாள். டோஃபுவும் சோறும் மிளகாய்த் துவையலும் வாங்கி, வழக்கம்போல நடந்துகொண்டே சாப்பிட்டாள். அதனால் விஷயமும் நடந்துகொண்டே பரவியது. "அறுநூறுல நாலுதான் செத்துச்சாம்! எங்களோடதை எந்தக் கணக்குல எழுதுறாராம்? கை நடுங்குது போல இருக்கு, நாப்பது வயசுலயே." அவள் தாளைத் திறந்து பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பார்ப்பது தொடுவது ஆகுமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தக் கோடையில் உரிப்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நான்கு குடும்பங்கள் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பி, இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. இந்தத் தொழிலில் ஒருவன் மேல் கைபட்ட பேச்சு வந்துவிட்டால் அவ்வளவுதான். மரத்தை அவன் முன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

முதல் நாள் சொல்லாததற்குச் சோறு காரணம். இரண்டாவது நாள் சொல்லாததற்கு முதல் நாள் சொல்லாதது காரணம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது. இனிமேல் சொன்னால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதையும் சத்தமில்லாமல்தான் செய்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் விடிந்ததும் ஊற்றுக்குப் போய் அந்தக் கறுப்பைப் பார்ப்பேன். மத்தியானம் ஒருதடவை. மாடு அவிழ்க்கப் போகிற சாக்கில் ஒருதடவை. உட்கார்ந்தால் கால் ஆடியது. புகைக்குழாயைப் பற்றவைத்துவிட்டு எங்கே வைத்தேன் என்று தேடினேன். பட்டை ஏறாமல் போய்விடாதா, பூஞ்சணம் மரத்தையே தின்றுவிடாதா என்றெல்லாம் நினைத்தேன். சொந்த மரம் சாகட்டும் என்று வேண்டிக்கொண்ட சம்சாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"என்னய்யா, என் வியாதி உனக்கு ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டாள் துவான்யிங். "படுத்தா புரளுற, எழுந்தா சுத்துற. இடுப்பு பிடிச்சிருக்கும்."

இடுப்புவலி என்று ஒத்துக்கொண்டேன், அது சுலபமாக இருந்தது. அவள் உடனே பரணில் இருந்து எங்கள் பட்டையை எடுத்துக் கீறினாள், உப்புத் தண்ணீர் தெளித்துச் சட்டியில் வறுத்தாள். இழை அறுகிற பதம் வர வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு நான்குதடவை ஒரு துண்டை எடுத்து ஒடித்து இழுத்துப் பார்த்தாள், விரலைச் சுட்டுக்கொண்டாள், மறுபடி எடுத்தாள். பன்றிச் சிறுநீரகம் இரண்டு வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி. ஆறாவது மரத்துப் பட்டை. அந்த மரம்தான் பாழாப்போச்சு, பட்டையாவது உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்."

நான் குடித்தேன். அவள் நின்றுகொண்டே, முழுக்கக் குடிக்கிறேனா என்று பார்த்தாள். அவள் என் முதுகை அந்தக் குட்டை விரல் கையால் தேய்த்துவிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

குளிர்காலத்தில் யோங்சிக்குச் சாலை போட்டார்கள். லெய் மேஸ்திரி அங்கே கல் சுமந்துகொண்டிருந்தார். ஒரு சந்தை நாளில் சின் அக்கா கடையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மரத்தின் ஈரத்தைத் தொடாமல் பட்டை கழற்றிய அந்த விரல்கள் சுண்ணாம்பில் வெடித்துப் பிளந்திருந்தன. சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்கவே கஷ்டப்பட்டார்.

"தெங் அண்ணே, அண்ணி கோபத்துல பேசுறாங்க, அது போகட்டும். அன்னைக்கு முழுக்க நீங்க பக்கத்துல நின்னீங்க. கண்ணை எடுக்காம பார்த்தீங்க. என் கை பட்டுச்சா?"

சின் அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள்.

"நான்... அவ்வளவா கவனிக்கல தம்பி," என்றேன்.

அவர் தலையாட்டினார். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. எழுந்து கல் சுமக்கப் போய்விட்டார். சொல்லாமல் இருந்தது வேறு, இது வேறு. அன்றைக்கு மலை ஏறும்போது மூன்றுதடவை வழியில் நின்றேன், திரும்பி இறங்கவில்லை.

வசந்தம் வந்தது, மழை பூஞ்சணத்தைக் கழுவியது. ஓரத்தில் புதுப் பட்டை தடித்து ஏற ஏறக் கறுப்பு இடம் துலங்கிக்கொண்டே வந்தது. முதலில் உள்ளங்கையின் மேடு. பிறகு பெருவிரல். சிங்மிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய்ப் பார்த்தேன். விரித்த கை ஒன்று மரத்தில் இருந்தது. நான்கு விரல்கள் முழுசு. மோதிர விரல் ஒரே கணு.

நாளை மறுநாள் கல்லறைகளைத் துடைக்க மலைக்கு ஊரே வரும், இந்த வரிசையைத் தாண்டித்தான் போகும். வீட்டுக்கு ஓடினேன். ஐம்பது வயதில் ஓடினேன். அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அந்தக் குட்டை விரலின் நுனியில் இரண்டு அங்குலம் பட்டையைச் சீவி எடுத்தால் போதும், யாருடைய கையாகவும் ஆகிவிடும். லெய் மேஸ்திரியின் கையாகவும்.

அரிவாளின் முனையை அங்கே பதித்தேன். பட்டையின் ஓரம் மட்டும் கீறியது, பால் மாதிரி கொஞ்சம் கசிந்தது.

"மரத்துல என்னய்யா பண்ற?"

பின்னால் துவான்யிங். நான் ஓடியதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். நான் ஓடினால் எதற்கு என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியுமா? என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு மரத்தின் முன்னால் நின்றாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். வலது கையைத் தூக்கி விரித்தாள், மரத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது, படவில்லை. அவளுடைய ஐந்து விரலும் மரத்தின் ஐந்து விரலுக்கு நேராக இருந்தன, குட்டையும் குட்டையும் உட்பட.

"நான் பார்க்கத்தானே செஞ்சேன்," என்றாள். "பார்த்துட்டு மூடிட்டேன். தொட்டேனா?"

நான் மேலே சோளக்காட்டைப் பார்த்தேன்.

"நீ எங்க இருந்த?"

"மேல. சோளக்காட்டுல."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

என் கையில் இருந்த அரிவாளை அவள் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை, தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மரத்தடியில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். குந்தவில்லை, காலை நீட்டி உட்கார்ந்தாள். என் கண் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"எனக்குப் புத்தி இல்ல, கை நிக்காது. ஊருக்கே தெரியும்," என்றாள். "உனக்கு எல்லாம் தெரிஞ்சு, எல்லாம் பார்த்து, என் பக்கத்துல உட்கார்ந்து சூப்பு குடிச்சிருக்க. மரத்துக்கு வாய் கிடையாது, அது சொல்லுது பாரு."

இப்போது நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். மரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தது, அவளிடம் சொல்வதா மேஸ்திரியிடம் சொல்வதா என்று தெரியவில்லை. மழை தூறத் தொடங்கிய பிறகுதான் அவள் எழுந்தாள்.

அந்த மழை சிங்மிங் அன்றும் விடவில்லை, குடைக்குள் குனிந்தபடி மலை ஏறியவர்கள் யாரும் மரத்தைக் கவனிக்கவில்லை. அது முடிந்து வந்த முதல் சந்தைக்கு இருவரும் போனோம். வழியெல்லாம் அவள் என் முன்னால் ஒரே வேகத்தில் நடந்தாள். ஒரு கடையிலும் நிற்கவில்லை, ஒரு துணியையும் தடவவில்லை. சின் அக்கா கடையில் சாலை வேலை ஆட்கள் காலைச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். லெய் மேஸ்திரியும் இருந்தார். துவான்யிங் கடை நடுவே நின்று வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி விரித்தாள்.

"எல்லாரும் பார்த்துக்குங்க. எங்க ஆறாவது மரத்துல இந்தக் கை இருக்கு. மேஸ்திரி கை இல்ல, என் கை. நாலாம் நாளே தாளைத் திறந்தேன். திறந்ததை மறைச்சேன். இந்தக் கடையில நின்னு நான் பேசினதெல்லாம் பொய். நம்பாதவங்க மலை ஏறி வந்து பாருங்க, விரல் கணக்குச் சரியா இருக்கும்."

யாரோ சிரித்தார்கள், சின் அக்கா கரண்டியால் மேசையைத் தட்டியதும் நிறுத்திக்கொண்டார்கள். துவான்யிங் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"என் பங்கு முடிஞ்சுது. மிச்சத்தை நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கழற்றினேன், போட்டேன், மறுபடி கழற்றினேன். வாசலைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேச வாயெடுக்கவில்லை. கடைசியில் சொன்னேன். சோளக்காட்டில் இருந்ததைச் சொன்னேன், பார்த்ததைச் சொன்னேன். இதே மேசையில் "கவனிக்கல" என்று சொன்னது பொய் என்று சொன்னேன். அரிவாள் எடுத்துக்கொண்டு போனதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

லெய் மேஸ்திரி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சரி அண்ணி," என்றார் அவளிடம். "கை தெரியாம பட்டுருச்சு. அதுக்குத்தான் பொறுங்கன்னு சொன்னேன்."

"என்னால முடியல மேஸ்திரி."

"தெரியும்."

என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சோற்றை எடுத்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

அந்தக் கோடையிலேயே அவரை மரங்களுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மலைக்கு வந்து ஆறாவது மரத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். குழந்தைகள் தங்கள் கையை அதன் மேல் வைத்து அளந்து பார்க்கும், இப்போது தொட்டால் ஒன்றும் ஆகாது. அந்தப் பள்ளம் மட்டும் மூடவில்லை. மற்ற இடமெல்லாம் மூன்று வருஷத்தில் புதுப் பட்டை ஏறி நன்றாகத் தடித்துவிட்டது.

மூன்றாவது வருஷம் அதே புழுக்கத்தில் லெய் மேஸ்திரி எங்கள் வரிசைக்கு வந்தார். அவர் வர மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, துவான்யிங்குக்கும் ஒரு துணியை நீட்டினார்.

"அண்ணி, பட்டையோட வெளிப்பக்கத்தை நீங்க பிடிங்க. நான் சொல்றப்ப இழுங்க."

"நானா?" என்றாள். "என் கையை நம்புறீங்களா?"

"அது எங்க போகும்னு இப்ப உங்களுக்குத் தெரியுமில்ல."

நானும் ஒரு மரத்தின் பக்கம் போனேன். தாளைப் பிரித்துக் கொடுக்கலாம், மூங்கில் சிம்பாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மேஸ்திரி திரும்பிப் பார்க்காமலே, மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணே, நீங்க மேல சோளக்காட்டுலயே இருங்க."

மேலே போனேன். அதே கல் கிடந்தது, உட்கார முடியவில்லை. கீழே பட்டை சர்ரென்று கழண்டு வருகிற சத்தம் கேட்டது. அவள் பட்டையை ஏந்தியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றாள். நான் வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எட்டிப் பார்த்தேன், தள்ளி நின்றேன், மறுபடி எட்டிப் பார்த்தேன். என் காலில் பட்ட மண்கட்டி ஒன்று உருண்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

கீழேயிருந்து துவான்யிங்கின் குரல், துணிக்குள்ளிருந்து வந்தது.

"யோவ் பானைமூடி! ஒரு இடத்துல நில்லுய்யா!"